மைக்செட்காரரை ஏசிய ஒன்பது வருடம்

மேலப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த கறிக்கடை பாய் ஒருவர் இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணிக்கெல்லாம் அவர் கடைப் பையன் ஒரு கறுப்புப் பையில் ஆறு ஆட்டுக் குரல்வளைகளைக் கொண்டுவந்து என் கிளினிக் வாசலில் வைத்துவிட்டுப் போவான். முதல் தடவை நான் கேட்டபோது பாய் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"தலை கேட்பார்கள், குடல் கேட்பார்கள், சுவரொட்டி கேட்பார்கள். தொண்டையைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் டாக்டர். அது சூப்புக்குக்கூட ஆகாதே?"

ஆபரேஷன் பழகுவதற்கு என்றதும் அவருக்கு அக்கறை வந்துவிட்டது. குரல்வளையில் கத்தி படாமல் முழுசாக வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எங்கள் அறுப்பில் தொண்டை முடிச்சு தலையோடுதான் நிற்கும். கத்தி அதற்குக் கீழேதான் விழ வேண்டும். தொழில் பழகும்போது முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்" என்றார். கத்தி எங்கே விழக் கூடாது என்பது அவர்களுக்கு முதல் பாடம். எனக்கு அந்தப் பாடம் 49 வயதில்தான் கிடைத்தது.

பாளையங்கோட்டையில் நான் காது, மூக்கு, தொண்டை பார்க்கிறேன். ஊர்ப்பக்கத்து டாக்டருக்கு வருகிற கேஸ்கள்தான். எண்ணெய் ஊற்றி அடைத்த காது, மூக்கில் மணியைத் திணித்துக்கொண்ட குழந்தை, உவரியிலிருந்தோ கூத்தன்குழியிலிருந்தோ மீன்முள் சிக்கி வருகிறவர்கள். குரல் என்பது இந்த வரிசையில் கடைசியில் நின்றது. "தொண்டை கட்டிவிட்டது" என்று ஒரு டீச்சர் வந்தால் கண்ணாடியை விட்டுப் பார்ப்பேன், மாத்திரை எழுதுவேன், சத்தம் போடாதீர்கள் என்பேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எப்படிச் சத்தம் போடாமல் இருப்பார் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

2010-இல் ஒரு வில்லுப்பாட்டுப் புலவர் வந்தார். நாங்குநேரிப் பக்கம். கோயில் கொடைத் திருவிழா நேரத்தில் அவர் கையில் வில்லை அடிக்கிற வீசுகோல் இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது. வில்லுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கதையை நடத்துகிற தலைமைப் புலவர். ஒரு கொடையில் சாமி இறங்குகிற நேரம், மேளத்தை மீறிப் பாட வேண்டி உச்சத்தில் ஓங்கிப் பிடித்திருக்கிறார். குரல் அந்த இடத்திலேயே உடைந்துவிட்டது. மறுநாளும் வரவில்லை, மறு மாதமும் வரவில்லை. பார்த்தேன். இடது குரல்நாணின் விளிம்பில் குன்றிமணி போலச் சிவப்பாக ஒரு பாலிப், அதாவது சின்னச் சதைக் கட்டி. ஒரே ஒரு கத்தலில் உள்ளே ரத்தக் குழாய் உடைந்து இப்படி வருவது உண்டு.

எடுக்க வேண்டியதுதான். அதில் தப்பு இல்லை. நான் எடுத்த விதத்தில்தான் தப்பு. இடுக்கியால் பிடித்தேன், இழுத்தேன், இழுவைக்கு வந்ததை வெட்டினேன். அடி கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறதே என்று இன்னும் ஒரு தடவை கடித்து எடுத்தேன். பஞ்சில் வைத்தபோது சிவப்புக் கட்டியோடு வெள்ளையாக ஒரு நார் ஒட்டியிருந்தது. அதை நான் பார்த்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. அது என்ன என்று யோசித்ததாக நினைவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, "ஒரு வாரம் வாய்விட்டுப் பேசாதீர்கள் அண்ணாச்சி, வேண்டுமானால் குசுகுசுவென்று பேசிக்கொள்ளுங்கள்" என்று வேறு சொன்னேன். போகும்போது அவர் ஒரு தார் ஏலக்கி வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து வந்தபோது குரல் கரகரவென்று இருந்தது. போகப்போகச் சரியாகும் என்றேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வராத நோயாளி குணமான நோயாளி என்று கணக்கு எழுதிக்கொள்வது எங்கள் தொழிலில் பழைய வழக்கம்.

2019 ஜனவரியில் குரல் அறுவைக்கும் குரல் பயிற்சிக்கும் சேர்த்துச் சென்னையில் நான்கு நாள் வகுப்பு என்று தகவல் வந்தது. ஏன் போனேன் என்று கேட்டால், தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போய்விட்டது என்று வருகிறவர்கள் கூடிக்கொண்டு வந்தார்கள். அவர்களை மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்பி அனுப்பிச் சலித்துவிட்டது. நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு, புதிதாக நாலு ஆபரேஷன் கற்றுக்கொண்டு வருவோம் என்றுதான் நினைத்துப் போனேன்.

அங்கே போனால் பாதிப் பேர் சர்ஜன்கள், பாதிப் பேர் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள். எல்லோருக்கும் ஒரே ஹால். "இவர்களை எதற்கு நம்மோடு உட்கார வைத்திருக்கிறார்கள்?" என்று பக்கத்து நாற்காலி டாக்டர் முணுமுணுத்தார். நானும் தலையாட்டினேன். முதல் நாள் காலை மைக்ராஸ்கோப்பே வெளியே வரவில்லை. ஒரு பேச்சுப் பயிற்சி ஆசிரியை, என் மகள் வயதுதான் இருக்கும், விளக்கை அணைத்துவிட்டு ஒலிப்பதிவுகளை ஓடவிட்டார். ஒவ்வொரு குரலுக்கும் ஐந்து மதிப்பெண் போட வேண்டும்: மொத்தத்தில் எவ்வளவு பழுது, எவ்வளவு கரகரப்பு, எவ்வளவு காற்று ஒழுகுகிறது, எவ்வளவு சோர்வு, எவ்வளவு இறுக்கம். ஒவ்வொன்றும் 0 முதல் 3 வரை. ஜப்பானிய டாக்டர் ஹிரானோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை. நான் முதல் குரலைக் கேட்டதும் "பாலிப்" என்று எழுதினேன். அந்தப் பெண் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், கேட்டதை எழுதுங்கள். அவருக்கு என்ன வியாதி என்று நான் கேட்கவில்லை" என்றார். இருபது குரல் ஓடியது. சர்ஜன்கள் பக்கம் போட்ட மதிப்பெண்ணைப் படித்தபோது ஹாலில் ஒரே சிரிப்பு. இருபது வருடத்துக்கு மேலாகத் தொண்டைகளைப் பார்த்துவிட்டேன். கேட்டது குறைவு.

மனிதன் தன் குரல்நாண் அசைவதைத் தானே பார்த்த கதையையும் அந்தப் பெண்தான் சொன்னார். 1854-இல் மானுவல் கார்சியா என்பவர் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே அடித்துப் பார்த்திருக்கிறார். அவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். எங்கள் நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு நாங்கள் காட்டிய பந்தாவெல்லாம் ஒரு பாட்டு வாத்தியாரிடமிருந்து வந்தது.

இரண்டாம் நாள் மேஜைக்கு மேஜை ஒரு ஆட்டுக் குரல்வளை. தாங்கியில் பொருத்தி, 400 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்திருந்தார்கள். கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். கைப்பக்கம் மயிரிழை ஆடினால் நுனி எங்கேயோ போகிறது. முழங்கையை எங்கே ஊன்றுவது என்பதற்கே ஒரு மணி நேரம் போயிற்று.

குரல்நாணை நாண் என்று சொல்வதே சரியில்லை. அது கயிறு இல்லை. ஆண்களுக்கே இரண்டு சென்டிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். மேலே மெல்லிய தோல், அதற்கு அடியில் கொழகொழவென்று ஒரு கூழ், அதற்கும் கீழே நார், எல்லாவற்றுக்கும் அடியில் தசை. பேசும்போது மேல்தோல் அந்தக் கூழின்மேல் வழுக்கி வழுக்கி அலையாக ஓடுகிறது. ஆண் குரலில் நொடிக்கு நூறு தடவைக்கு மேல், பெண் குரலில் இருநூறு வாக்கில். குரல் என்பது அந்த அலைதான். தோலும் கூழும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. கட்டி எதுவானாலும் பெரும்பாலும் அந்தக் கூழுக்குள்தான் இருக்கும். ஆகவே சர்ஜன் அதற்குக் கீழே இறங்கவே கூடாது. உப்புநீரைத் தோலுக்கு அடியில் ஏற்றி உப்ப வைத்து, ஒரு கோடு கீறி, தோலைக் கதவு மாதிரித் திறந்து, உள்ளே இருக்கும் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கதவைப் பழையபடி சாத்திவிட வேண்டும்.

நான் திறந்தேன். எடுத்தேன். நன்றாகத்தான் செய்தோம் என்று நிமிர்ந்தேன். பயிற்சி தந்த டாக்டர் என் கத்தரியின் நுனியை வாங்கி, அதில் இருந்ததைப் பச்சைத் துணியில் தடவினார். சிவப்பாக ஒரு துணுக்கு.

"இது என்ன சார்?"

"தசை" என்றேன்.

"பரவாயில்லை. ஆடு இனிமேல் பாடப் போவதில்லை" என்று தோளில் தட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. துணியில் இருந்தது சிவப்பு. கண்ணுக்குத் தெரிந்தது பஞ்சில் ஒட்டியிருந்த வெள்ளை நார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மீதி மூன்று குரல்வளைகளையும் வாங்கிச் செய்துகொண்டிருந்தேன். மூன்றாவதில்தான் தசை வராமல் தோலைத் திறக்க முடிந்தது.

மூன்றாம் நாள் ஒரு ஆபரேஷனை நேரில் காட்டினார்கள். தைராய்டு அறுவையில் நரம்பு பழுதாகி ஒரு பக்க நாண் அசையாமல் போன அம்மா ஒருவர். கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, குருத்தெலும்பில் ஜன்னல் வெட்டி, சிலிக்கோன் கட்டையைச் செதுக்கிச் செதுக்கி உள்ளே வைத்து, நின்றுபோன நாணை நடுப்பக்கம் தள்ளுகிறார்கள். இஸ்ஷிகி என்ற ஜப்பானிய டாக்டர் 1974-இல் வகுத்துச் சொன்ன நான்கு முறைகளில் முதலாவது. நோயாளி விழித்துக்கொண்டு பேச வேண்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று அந்த அம்மா சொல்ல, காற்றாக வந்த குரல் கட்டை உள்ளே போகப்போகக் கெட்டிப்பட்டது. சர்ஜன் உள்ளே வைத்துக்கொண்டிருக்க, போதும், கொஞ்சம் வெளியே இழுங்கள் என்று சொல்வது யார் என்று பார்த்தால், முதல் நாள் என் தாளை எட்டிப் பார்த்த அதே பெண். ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜனுக்கு உத்தரவு போடுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான்காம் நாள் எல்லோருக்கும் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு குழாயும். குழாயைத் தண்ணீரில் விட்டு "ஊ" என்று குரல் கொடுத்துக்கொண்டே குமிழி விட வேண்டும். வாயை இப்படிக் குறுக்கிக்கொண்டு ஒலி எழுப்பினால் உள்ளே காற்றழுத்தம் சமப்பட்டு, நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாமல் இதமாக அதிரும். கோட்டு போட்ட பத்து சர்ஜன்கள் வரிசையாக உட்கார்ந்து குமிழி விட்டதை யாரும் படம் பிடிக்காதது நல்லதாயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு குசுகுசுப்பதும் கூடாது, பல பேர் அதற்குத் தொண்டையை இன்னும் அதிகமாகத்தான் இறுக்குகிறார்கள் என்று அன்றைக்குச் சொன்னார்கள். பேசாதே என்றால் பேசாதே. சில நாள் முழு மௌனம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி. நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் காது ஆபரேஷன் மைக்ராஸ்கோப்புக்கு 400 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினேன். பாயிடம் போனேன். பங்குனி பிறந்ததும் நுங்கு வந்துவிட்டது. நுங்கைக் கையில் எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. மேலே மெல்லிய தோல், அடியில் கூழ். இதைவிட நல்ல குரல்நாண் எங்கே கிடைக்கும்? கருவியை வைத்து, கூழ் சிந்தாமல் தோலை மட்டும் திறந்து மூடப் பழகினேன். இளம் நுங்குதான் கஷ்டம். கொஞ்சம் முற்றினால் தோல் தானாகக் கழன்று ஏமாற்றும். "இது தின்பதற்கா, தையல் போடுவதற்கா?" என்று வீட்டில் கேட்டுவிட்டு, நான் தொடுவதற்கு முன்பே பாதியை எடுத்து ஒளித்துவைத்துவிடுவார்கள்.

தென்காசியிலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு என்றே நான்கு வருடம் படித்த ஒரு பெண் புதனும் சனியும் வர ஒப்புக்கொண்டார். அவர் வந்த மாதமே ஒரு பையன் வந்தான். 22 வயது, கல்லிடைக்குறிச்சிப் பக்கம். ஆள் ஆறடி, குரல் மட்டும் கீச்சென்று பன்னிரண்டு வயதில் நின்றுவிட்டது. போனில் எல்லோரும் "மேடம்" என்கிறார்கள் என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டான். இஸ்ஷிகியின் மூன்றாவது முறை இதற்கு உதவும். நாணைத் தளர்த்திக் குரலை இறக்கலாம். புதிதாகக் கற்ற வித்தை, கை அரித்தது. தென்காசிப் பெண், "ஒரு அரை மணி நேரம் கொடுங்கள் சார்" என்று அவனை உள்ளே கூட்டிப்போனார். குரல்வளை மேட்டை விரலால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருமச் சொன்னார். இருமலை இழுத்து "ஆ" என்று சொல்லச் சொன்னார். கதவுக்கு வெளியே இருந்த எனக்கு முதலில் யாரோ பெரியவர் உள்ளே போய்விட்டார் என்றுதான் பட்டது. பையன் தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து, திரும்பக் கீச்சுக்குப் போய்விட்டான். ஆறு வாரம் வந்து பழகினான். எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அந்த வருடம் கார்த்திகையில் புலவர் வந்தார். குரலுக்காக இல்லை, காதில் இரைச்சல் என்று. "நல்லா இருக்கிறீர்களா டாக்டரய்யா?" என்று கேட்டபோது நான் எழுதுவதுபோல் குனிந்து கண்ணை மூடிக்கொண்டேன். கரகரப்பு 2, காற்று 2, இறுக்கம் 3. காதைப் பார்த்து முடித்துவிட்டு, தொண்டையையும் ஒரு தடவை பார்க்கட்டுமா என்றேன். ஸ்ட்ரோபோஸ்கோப் அப்போது வாங்கியிருந்தேன். மின்னி மின்னி அடிக்கிற வெளிச்சத்தில் நாணின் ஓட்டம் நிதானமாக ஓடுவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். வலது நாண் காற்றடிக்கிற நெல்வயல் மாதிரி அலையடித்தது. இடது, வரப்பு மாதிரிக் கிடந்தது. நடுவில் ஒரு பள்ளம், வெள்ளையாகத் தழும்பு. நான் கடித்து எடுத்த இடம்.

மூச்சை இழுத்து "ஆ" பிடிக்கச் சொன்னேன். ஒரு மூச்சில் இரண்டு அடி பாடியவர். ஏழு நொடியில் காற்று தீர்ந்துவிட்டது.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "அண்ணாச்சி, இந்தப் பள்ளம் வியாதியால் வந்ததில்லை. 2010-இல் நான் ஆழமாக வெட்டியதால் வந்தது" என்றேன். இப்படிச் சொல்லலாமா என்று வக்கீல் நண்பரிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ முடிந்து முதலிலிருந்து ஓடியது. இரண்டாவது தடவையும் முழுக்கப் பார்த்தார். பிறகு, "அப்போ மைக்செட் சரியாகத்தான் இருந்திருக்கிறது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. மைக்செட்காரர் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி. ஆபரேஷன் ஆகிவிட்டது, டாக்டர் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார், அப்படியும் குரல் கேட்கவில்லை என்றால் குற்றம் மைக்கில்தானே இருக்க வேண்டும்? கொடைக்குக் கொடை சபையில் வைத்து ஏசியிருக்கிறார். எக்கோவைக் கூட்டு, ஒலியைக் கூட்டு, உன் ஓட்டை மைக்கைக் கொண்டு தாமிரபரணியில் போடு. 2014-இல் ஒரு கொடையில் மைத்துனர் வயரைச் சுருட்டிக்கொண்டு பாதியில் போனவர், அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிள்ளைகளின் காதுகுத்துக்குக்கூடத் தாய்மாமன் வரவில்லை. புலவர் பிறகு வேறு இரண்டு மைக்செட்டை மாற்றிப் பார்த்தார். கடைசியில் அவரே வலப்பக்கத்தை விட்டு எழுந்து, இடப்பக்கத்தில் பின்பாட்டுக்காரர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாம் டாக்டரய்யா" என்றார். அவ்வளவுதான் என்னைச் சொன்னது. இதைவிட நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

குரல்நாணில் விழுந்த தழும்பைப் பழையபடி ஆக்க நம்பகமான ஆபரேஷன் இன்றைக்கும் இல்லை. மறுபடியும் கத்தி வைக்க எனக்கும் தைரியம் இல்லை. இருப்பதை வைத்துக்கொண்டு இறுக்காமல் பாடக் கற்றுக்கொள்ளலாம் என்று தென்காசிப் பெண் சொன்னார். குழாயும் டம்ளரும் கொடுத்தபோது புலவர் சிரித்துவிட்டார். சின்ன வயதில் வாய்க்காலில் பப்பாளிக் காம்பை விட்டு ஊதினதுதானே இது! மறுவாரம் பப்பாளிக் காம்பும் செம்புமாகத்தான் வந்தார். மூச்சு நன்றாகப் போகிறதாம், பிளாஸ்டிக் ருசி இல்லையாம். தென்காசிப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, குழாயின் அகலம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை, ஆடி, எந்தக் கோயிலிலும் கொடை இல்லை. வில்லுப்பாட்டுக்காரர்கள் வருமானம் இல்லாமல் பட்ட பாட்டை நான் இதற்குள் நல்ல விஷயமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் புலவரின் தொண்டைக்கு அவர் நினைவு தெரிந்து கிடைத்த முதல் ஓய்வு அது. மகன் போனைப் பிடித்துக்கொள்ள, தென்காசிப் பெண் வீடியோவில் பயிற்சி கொடுத்தார். மூன்று கட்டைச் சுருதியில் பாடியவரை ஒன்றரைக் கட்டைக்கு இறங்கச் சொன்னபோதுதான் பெரிய சண்டை. "ஒன்றரைக் கட்டையில் சாமி இறங்குமா?" என்று கேட்டார். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. வருடக் கடைசியில் ஏழு நொடி பதின்மூன்றாயிற்று. கரகரப்பு அப்படியேதான் இருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று இளம் டாக்டர்கள் என் கிளினிக்கில் வந்து பழகுகிறார்கள். பாயின் பையைப் பிரிப்பதற்கு முன்னால் தென்காசிப் பெண் ஒலிப்பதிவுகளைப் போடுவார். அதில் ஆறாவது புலவருடையது. அவரைக் கேட்டு, அனுமதி வாங்கித்தான் வைத்திருக்கிறோம். பிறகு அவர் குரல்நாணின் வீடியோ. இதைச் செய்தது யார் சார் என்று யாராவது கேட்பார்கள். சொல்வேன்.

2022 ஆடிக் கொடைக்கு அவர் ஊருக்குப் போயிருந்தேன். கூட்டத்துக்குப் பின்னால், அதிர்வேட்டுக்குப் பயந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். புலவர் இடப்பக்கம்தான். நடுச்சாமத்துக்கு மேல், தலைமைப் புலவர் வீசுகோலை நிறுத்திவிட்டு, அடுத்த பகுதியை அவர் பாடட்டும் என்று கையைக் காட்டினார். ஆர்மோனியக்காரர் சுருதியை இறக்கினார். குடம் நிதானத்துக்கு வந்தது. புலவர் பிறப்புக் கதையின் ஒரு துண்டை ஒன்றரைக் கட்டையில், பேச்சும் பாட்டுமாகச் சொல்லிக்கொண்டு போனார். நாலாவது அடியில் பெட்டியிலிருந்து கர்ரென்று ஒரு சத்தம். புலவர் பாட்டை நிறுத்திவிட்டு, மைக்செட் மேஜைப் பக்கம் மெல்லத் திரும்பினார்.

மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"இந்தத் தடவை மைக்தான், அத்தான்!"